குளுவாங் ஸ்டேஷனில் எடுத்த படம்

அங்கம்மா வாயைத் திறந்தால் குளுவாங் ஸ்டேஷனில் நிற்கிற ரயில்கூட ஊதாமல் காத்திருக்கும் என்று கேலி பேசுவார்கள். அப்படிப்பட்டவளுக்குக் காஹாங் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில், ஆபீஸ் சுவருக்கு முன்னால், கொஞ்ச நேரம் குரலே எழும்பவில்லை.

சுவரில் ஒரு படம். ஒரு முழ நீளத்துக்குப் பெரிதாக்கி, மூங்கில் சட்டம் அடித்து, மழை படாமல் இறவாரத்துக்குக் கீழே மாட்டியிருந்தார்கள். நான்கு ஆண்கள். தோளில் புதுக் கம்பளி, காலடியில் அரிசி மூட்டை. நால்வரும் வாய்விட்டுச் சிரிக்கிறார்கள். மேலே கொட்டை எழுத்தில், 'சயாமில் நம் சகோதரர்கள். வயிறார உணவு. மூன்று மாதத்தில் வீடு.'

ஜப்பான்காரன் மலாயாவுக்குள் வந்து இரண்டாவது வருஷம் நடந்துகொண்டிருந்தது. படத்தைச் சுற்றி நின்ற பெண்களில் பாதிப் பேர் சாக்கைக் கிழித்துத் தைத்துக் கட்டியிருந்தார்கள். அரிசியைக் கண்ணால் பார்த்தே பல நாளான கூட்டம் அது. படத்தில் இருந்த மூட்டையைச் சிலர் விரலால் தொட்டுப் பார்த்தார்கள்.

"கம்பளியைப் பாரு. பழைய துரை வீட்டு நாய்கூட இப்படிப் போத்திக்கல."

"மூட்டையில என்ன இருக்கோ, அரிசியோ மண்ணோ?"

"மண்ணா இருந்தா இப்படியா சிரிப்பான்?"

கடைசியாகச் சொன்னவன் சொன்னதுதான் அங்கம்மாவைச் சுட்டது. அந்தச் சிரிப்பு எப்படி வந்தது என்று அவளுக்குத் தெரியும். வரவழைத்தவளே அவள்தான். படத்தை எடுத்தவள் அவள். எடுத்த இடம் சயாம் இல்லை. குளுவாங் ஸ்டேஷனில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில். அந்த அரிசி மூட்டை அவள் வேலை பார்க்கும் சமையற்கட்டு மூட்டை. படம் எடுத்து முடிந்ததும் அதைத் திரும்பத் தூக்கிக்கொண்டு போய் வைத்தவளும் அவளேதான்.

"அக்கா, பாத்தியா?" என்று பின்னாலிருந்து தோளைத் தொட்டான் தம்பி லெட்சுமணன். இந்தத் தோட்டத்தில் மரம் சீவுகிறவன். "நானும் பேர் கொடுத்துட்டேன். நாளன்னிக்கு லாரி வருது."

"எதுக்குடா பேர் கொடுத்த?"

"எதுக்கா? செல்லத்துக்கு இது ஏழாம் மாசம். இப்படிக் கிழங்கையே தின்னுக்கிட்டிருந்தா புள்ளையும் கிழங்காத்தான் பொறக்கும். பேர் கொடுத்தா பொண்டாட்டிக்கு அரிசி தராங்க."

"இது சயாம் இல்லடா. குளுவாங் ஸ்டேஷன். இது நான் எடுத்த படம்."

சுற்றி நின்றவர்கள் திரும்பினார்கள். அங்கம்மா படத்தின் ஓரத்தில் நின்ற நான்காவது ஆளைச் சுட்டினாள். "இவர் பேரு வயிரவன். ஸ்டேஷன் வாசல்ல கிழங்கு வடை சுட்டு விக்கிறார். நேத்திக்குக்கூட இவர்கிட்ட வாங்கித் தின்னேன்."

"அப்ப சயாம்லயும் வடை கிடைக்குதுன்னு சொல்லுங்க" என்றான் ஒருவன். கூட்டம் சிரித்தது. பசித்தவனுக்கு வேண்டிய பதிலை அவனே வைத்திருப்பான். அதை அவன் கையிலிருந்து பிடுங்குவது லேசில்லை. போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்றாலும் பாஸ் இல்லாமல் தோட்டத்தை விட்டு யாரும் நகர முடியாது. அங்கம்மாவுக்கு மட்டும், குளுவாங் ஆபீஸ் சமையலுக்குக் காய்கறி வாங்கப் போய்வரும் லாரியில் இடம் உண்டு.

லெட்சுமணன் அவளைத் தனியே இழுத்துக்கொண்டு போனான்.

"சரி, நீ எடுத்ததுன்னே வெச்சுக்குவோம். இவங்களுக்கு ஏன் எடுத்துக் கொடுத்த?"

அங்கம்மா லாரிப் பக்கம் திரும்பிவிட்டாள். லாரி ஊதியதும் ஏறிக்கொண்டாள். குளுவாங் வரும்வரை கத்தரிக்காய்க் கூடையைக் கட்டிக்கொண்டு, சாலையோர மரங்கள் ஒவ்வொன்றையும் திட்டிக்கொண்டே வந்தாள்.

*

அந்தக் கேமரா ஜெர்மன் சரக்கு. மூடியிருக்கும்போது உள்ளங்கைக்குள் அடங்கும் கறுப்புத் தோல் டப்பா. மூக்குக்கண்ணாடிக் கூடு என்று நினைத்துக்கொள்ளலாம். குமிழை அழுத்தினால் முன்கதவு திறக்கும், துருத்தி விரியும், லென்ஸ் கண்ணாடி வெளியே வந்து நிற்கும். ஒரே கண்ணாடி. கழற்ற முடியாது, வேறு மாட்ட முடியாது. தூரத்தில் இருப்பதை இழுத்துக் கிட்டே காட்டவும் அதற்குத் தெரியாது. முகம் பெரிதாக வேண்டுமா, நீ கிட்டே போ. ஆள் முழுசாக வேண்டுமா, நீ பின்னால் வா. மிச்சமெல்லாம் எடுப்பவர் கால் செய்ய வேண்டிய வேலை.

அதை வாங்கியவர் தோட்டத்துப் பங்களாவின் துரைசாணி. பிள்ளைகளோடு தானும் படத்தில் இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டார். துரைக்கு மாலையில் கை நடுங்கும். ஆகவே பிள்ளைகளுக்கு ஆயாவாக இருந்த அங்கம்மாவுக்குக் கற்றுக்கொடுத்தார். வெயிலுக்கு எந்த எண், நிழலுக்கு எந்த எண், தூரத்தைக் கண்ணால் மட்டிட்டு வளையத்தை எப்படித் திருப்புவது. தவழ்கிற பிள்ளைக்கும் படிக்கட்டுக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்று அடுப்படியிலிருந்தே அளக்கத் தெரிந்த ஆயாவுக்கு இது பெரிய வித்தை இல்லை. துரைசாணியின் படங்களை விட ஆயா எடுத்த படங்களில் பிள்ளைகளின் முகம் தெளிவாக இருந்தது. பிள்ளைகள் அவளிடம் ஓடி வந்தன என்பதே காரணம்.

ஜப்பான்காரன் மூவார் தாண்டிவிட்டான் என்று செய்தி வந்த அன்று துரை குடும்பம் சிங்கப்பூருக்குக் கிளம்பியது. காரில் நாய் ஏறியது. நாயின் பாயும் ஏறியது. அங்கம்மா கடைசிக் குழந்தையை மடியிலிருந்து எடுத்து நீட்டினாள். வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினார்கள். 'நீ என்ன செய்வாய்' என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கார் போன பிறகு தொட்டிலைப் பார்த்தால், மெத்தைக்கு அடியில் கேமரா.

"திருடினேன்னு சொல்றவன் முன்னால வரட்டும்" என்பாள் அவள், பின்னாளில் யாராவது கேட்டால். "அவங்க புள்ளைக்குக் காய்ச்சல்னா ராவெல்லாம் உக்காந்தவ நான். நாய்க்கு சீட்டு இருந்துச்சு. எனக்கு இல்ல."

ஜப்பான்காரன் கேமரா, ரேடியோ எல்லாவற்றையும் ஒப்படைக்கச் சொன்னபோது அவள் ஒப்படைக்கவில்லை. உப்புத் தகரத்தில் போட்டு வைத்தாள். குளுவாங்கில் ஜப்பான்காரனுக்கு ஆள் சேர்க்கும் தொழிலாளர் ஆபீஸ் சமையற்கட்டில் வேலைக்குச் சேர்ந்தபோது தகரமும் கூட வந்தது. ஒரு நாள் அங்கே பெரிய கிராணியாக, தலைமைக் குமாஸ்தாவாக, இருந்த ராஜசேகரன் உப்பு தேடி வந்து அதைக் கண்டுபிடித்துவிட்டான். நெற்றியில் திருநீறு, கையில் ஜப்பான் எழுத்துப் போட்ட பட்டி, எப்போதும் இறங்கிய குரல். அவன் கத்தவில்லை.

"இதை வெளியே சொன்னா உன் தலை போயிடும், அங்கம்மா. சொல்ல மாட்டேன். நீயே வெச்சுக்க. நான் சொல்றப்ப மட்டும் எடு."

சித்திரை மாதத்தில் அவன் சொன்னான். சயாமுக்கு ரயில் பாதை போட முதல் ஆட்கள் போகிறார்கள். வழியனுப்பும்போது ஒரு படம். வீட்டாரிடம் கொடுத்தால் தைரியமாக இருப்பார்கள்.

ஒன்பது மணிக்கு என்றான். கடிகாரம் தோக்கியோ நேரத்துக்கு ஓடியது. வெயிலுக்குத் தோக்கியோ தெரியாது. நிஜ நேரம் ஏழரை. ஸ்டேஷனில் இளவெயில் சாய்வாக விழுந்துகொண்டிருந்தது. ரெங்கம் பக்கத்துத் தோட்டத்து ஆட்கள் கூட்ஸ் வண்டிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். பெரும்பாலும் எலும்பும் தோலும். உடம்பில் கொஞ்சம் சதை இருந்த மூன்று பேரை ராஜசேகரன் பொறுக்கி நிறுத்தினான்: மனோகரன், மணியம், அர்ச்சுனன்.

மனோகரனின் தாய் பேச்சியம்மாள் கூட்டத்திலிருந்து ஓடி வந்தாள். "மூணு பேரா நிக்க வெச்சுப் படம் புடிக்காதீங்க. நடுவுல நிக்கிறவன் வீடு திரும்ப மாட்டான்." நடுவில் நின்றது அவள் மகன்.

அந்தப் பயம் அங்கம்மாவுக்கும் உண்டு. மூன்று பேர் படத்துக்கு நின்றால் நாலாவதாக ஒரு குழந்தையையாவது உள்ளே இழுத்துவிடுவது தோட்டத்தில் எல்லோருக்கும் பழக்கம். சுற்றுமுற்றும் பார்த்தாள். வாசலில் வடைச் சட்டியோடு வயிரவன் உட்கார்ந்திருந்தார். செட்டியார்கள் வட்டிக்கடை நடத்திய கிட்டங்கியில் சமையல்காரராக இருந்தவர். கிட்டங்கி மூடிய பிறகு கிழங்கை அரைத்து வடை சுட்டுப் பிழைத்தார். உடம்பு மட்டும் இன்னும் கிட்டங்கிச் சாப்பாட்டு உடம்பாகவே இருந்தது. அவரைக் கூப்பிட்டு ஓரத்தில் நிறுத்தி, ஒரு கம்பளியைத் தோளில் போட்டு, அர்ச்சுனன் தோள்மேல் கைபோடச் சொன்னாள். பேச்சியம்மாள் சமாதானமானாள். ராஜசேகரனுக்கும் சரி; தொந்தியுள்ள ஒருவன் கிடைத்தான்.

நால்வரும் விறைத்து நின்றார்கள். அவள் இரண்டடி முன்னால் போனாள். அந்தக் கண்ணாடிக்கு வேறு வழி கிடையாது. கிட்டே போயாக வேண்டும். கிட்டே போனால் மனுசன் முகத்துக்கு நேரே பேசாமல் நிற்க முடியுமா?

"டேய் மனோகரா, என்னடா மாமியார் வீட்டு வாசல்ல சோத்துக்கு நிக்கிறவனாட்டம் நிக்கிற? இப்படிப் போய் இறங்கினா சயாம்காரி கதவைச் சாத்திக்குவா."

நால்வரும் குலுங்கிச் சிரித்தார்கள். அவள் அழுத்தினாள்.

*

தொழிலாளர் ஆபீசுக்குள் அவள் போனபோது ராஜசேகரன் தனியாகத்தான் இருந்தான். கத்தரிக்காய்க் கூடையை அவன் மேசைமேல் வைத்தாள்.

"குடும்பத்துக்குக் கொடுக்கத்தான் படம்னு சொன்னீங்க, கிராணி ஐயா."

அவனுக்குப் புரிந்துவிட்டது. "காஹாங் போயிருந்தியா?"

"பேச்சியம்மா வாரத்துக்கு ஒருதரம் வந்து கேக்குது, மகன் படம் எங்கேன்னு. காகிதம் இல்லையாம்னு நான் சொல்லி அனுப்புறேன். அங்கே முழ நீளத்துக்குத் தொங்குது."

"காஹாங்ல மட்டும் இல்ல. தெற்கே கெலாங் பாத்தா வரைக்கும் போயிருக்கு." பெருமையா பயமா என்று தெரியாத குரலில் சொன்னான். "மெதுவாப் பேசு. மேலே உள்ளவங்க என்னை இத்தனை ஆள் கொண்டுவான்னு சொல்றாங்க. ஆள் குறைஞ்சா என் பேரைப் போடுவான். உனக்கென்ன, நீ சமையல்காரி."

"அது பொய்."

"படம் எப்படிப் பொய்யாகும்? அவனுங்க சிரிச்சானுங்களா இல்லையா? நீதானே எடுத்த? அது எந்த ஊர்னு படத்துலயே எழுதியிருக்கா?"

அவள் கூடையைத் திரும்ப எடுத்துக்கொண்டாள். மேசையில் இருந்த கனமான மைக்கூட்டை எடுத்து அவன் நெற்றியில் போட வேண்டும் போல இருந்தது. இருந்த ஆத்திரத்தை அடக்கிக்கொண்டு நேரே ஸ்டேஷன் வாசலுக்குப் போனாள்.

"அண்ணே, உங்க படம் காஹாங்ல தொங்குது."

"என் படமா?" வயிரவன் வடையைத் திருப்பிப் போட்டார். "நல்லா இருக்கேனா?"

"சயாம்ல இருக்கீங்க."

அவர் சிரிக்க ஆரம்பித்து, அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். அவள் முழுவதையும் சொன்னாள். லெட்சுமணன் பெயர் கொடுத்ததையும், லாரி நாளை மறுநாள் வருவதையும் சொன்னாள்.

"என்கூட ஒரு நடை வந்து அந்த ஜனங்க முன்னால நின்னாப் போதும். வாயே திறக்க வேணாம்."

"பாஸ் இல்லாமலா? வழியில புடிச்சா தலையை வெட்டி மூங்கில்ல சொருகுவான், அங்கம்மா. அப்புறம் காஹாங்குக்கு என் தலை மட்டும்தான் வரும். கோழைன்னு சொல்லு, கேட்டுக்கறேன்."

"கோழை."

"சொல்லிட்டியா? சரி, இப்ப உக்காந்து ஒரு வடை தின்னு."

அவள் உட்காரவில்லை. அவர் தலைக்கு மேலே தெரிந்த தண்ணீர்த் தொட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். இரும்புக் கால்கள், அதில் ஏறும் ஏணி, ஏணியில் ஒரு படி உடைந்து ஒரு பக்கமாகத் தொங்கியது. காஹாங் சுவரில் மனோகரன் தலைக்குப் பின்னால் இதே படி இப்படியேதான் தொங்கியது. எந்த ஊர் என்று படத்தில் எழுதியா இருக்கிறது என்று கேட்டானே அவன்.

"அண்ணே, நீங்க எங்கேயும் வர வேணாம். நாளைக்குக் காலையில, அன்னிக்கு நின்ன அதே இடத்துல நில்லுங்க. அது போதும்."

*

மறுநாள் அதே இளவெயில். ஸ்டேஷன் காவலுக்கு நின்ற சிப்பாயின் முன்னால் இடுப்பு வளைய வணங்கினாள். கேமராவைக் காட்டி, ஆபீஸ் பக்கம் கையைக் காட்டினாள். சித்திரையில் கிராணியோடு வந்த ஆபீஸ் படக்காரி என்று அவனுக்கு நினைப்பு; தலையசைத்தான்.

பிலிம் கிடைக்காத காலம். குளுவாங்கில் ஸ்டூடியோ வைத்திருந்த சீனர் லிம், எடுத்த பகுதியை மட்டும் இருட்டறையில் வெட்டிக் கழுவிவிட்டு மிச்சத்தைக் கேமராவிலேயே திரும்பப் போட்டுக் கொடுப்பார். அப்படி மிஞ்சிய வாலில் இன்னும் ஒரே ஒரு படத்துக்கு இடம் இருந்தது. தப்பினால் தப்பியதுதான்.

வளையத்தை அன்று வைத்த அதே எண்ணில் வைத்தாள். பிறகு இடத்தைத் தேடினாள். கண்ணாடி மாறாது என்பதால் நிற்கும் இடம் ஒன்றானால் படமும் ஒன்றாகும். ஒரு சாண் தள்ளி நின்றால் தொட்டியின் கால் கூட்ஸ் ஷெட் கூரையை வேறு இடத்தில் வெட்டும். சின்னத் துவாரத்தில் கண்ணை வைத்துக்கொண்டு முன்னே போனாள், பின்னே வந்தாள், நண்டு போலப் பக்கவாட்டில் நகர்ந்தாள். உடைந்த படி கூரை விளிம்பில் வந்து உட்கார்ந்ததும் நின்றாள். இங்கேதான்.

"அண்ணே, கையை அன்னிக்கு மாதிரி வைங்க."

"எதுமேல வைக்கிறது?"

"அர்ச்சுனன் தோள் இருந்த எடத்துல."

வயிரவன் கையைத் தூக்கினார். கை வெறும் காற்றில் நின்றது. அவர் ஒரு தடவை பக்கத்தில் திரும்பி, அங்கே யாரும் இல்லாத இடத்தைப் பார்த்தார். கை இறங்கப் பார்த்தது.

"இறக்காதீங்க."

"அவனுங்க ஒருத்தனும் திரும்பல, இல்ல அங்கம்மா? மூணு மாசம்னாங்களே."

"நேரா பாருங்க, அண்ணே."

அழுத்தினாள்.

லிம் இருட்டறையிலிருந்து ஈர நெகட்டிவைப் பிடித்துக்கொண்டு வந்து வெளிச்சத்தில் பார்த்தார். தன் அண்ணனை ஜப்பான்காரன் கடற்கரைக்குக் கொண்டுபோய்ச் சுட்ட நாளிலிருந்து அவர் யாரோடும் அதிகம் பேசுவதில்லை. சுவரில் தொங்கிய பெரிய படத்தை அச்சுப் போட்டவரும் அவர்தான். போடச் சொன்னார்கள், போட்டார். மலாயில் கேட்டார்: யாருக்கு இது? தம்பிக்கு என்றாள். பெரிதாக்கும் கருவியை அன்று வைத்த உயரத்துக்கே ஏற்றி, கடைசியாக வைத்திருந்த பெரிய தாளை எடுத்தார். காய்ந்ததும் சுருட்டி, கத்தரிக்காய்க் கூடையின் அடியில் அவரே வைத்தார்.

"நீ கொண்டுவரல. நான் பார்க்கல" என்றார்.

*

லாரி வரும் நாள் காலையில் அங்கம்மா காய்கறி லாரியில் வந்து காஹாங் தோட்டத்தில் முதலில் இறங்கினாள். ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களம் நிரம்பிக்கொண்டிருந்தது. துணி மூட்டையோடு ஆண்கள், இடுப்பில் பிள்ளைகளோடு பெண்கள். அவள் நேரே ஆபீஸ் சுவருக்குப் போனாள். கிழங்கு மாவுப் பசையைக் கையால் பூசி, சுவரில் தொங்கிய படத்துக்குப் பக்கத்தில் தன் தாளை ஒட்டினாள். ஒட்டிவிட்டு விலகி நின்றாள்.

முதலில் யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. ஒரு படத்தில் நான்கு பேர். மற்றதில் ஒருத்தர் மட்டும், சிரிப்பில்லாமல், ஒரு கையை அந்தரத்தில் வைத்துக்கொண்டு.

"இந்த ஆளு ஏன் கொக்கு மாதிரி நிக்கிறாரு?"

"அதே தொந்தி."

செல்லம்தான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கிட்டே போனாள். ஒரு விரலை இந்தப் படத்திலும் இன்னொரு விரலை அந்தப் படத்திலும் வைத்தாள். ஏணியின் உடைந்த படி. இங்கேயும் உடைந்தது, அங்கேயும் உடைந்தது. விரல்களைக் கூரைக்கு நகர்த்தினாள், ஒன்றுதான். தரையில் தண்டவாளக் கட்டை, ஒன்றுதான். விரல் நின்ற இடத்தில் ஒரு படத்தில் மனோகரனின் நெஞ்சு இருந்தது, மற்றதில் மண்.

"அண்ணி, இது என்னிக்கு எடுத்தது?"

"நேத்து. குளுவாங் ஸ்டேஷன்ல. பக்கத்துல இருக்கறது சித்திரையில எடுத்தது."

"அப்ப இந்த மூணு பேரு எங்கே?"

அவள் குரலை உயர்த்தவில்லை. ஆனாலும் களம் முழுக்கக் கேட்டது. குளுவாங் ஸ்டேஷனைப் பார்த்திருந்த கிழவர் ஒருவர் தள்ளிக்கொண்டு முன்னால் வந்து, தொட்டியை உற்றுப் பார்த்து, மலாய்க்காரர் ஐயோ என்பதுபோல, "அலமாக்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். பெண்கள் ஒவ்வொருவராக விரலை வைத்துப் பார்க்க ஆரம்பித்தார்கள்.

லாரியின் சத்தம் கேட்டது. ராஜசேகரன் முன் சீட்டிலிருந்து இறங்கினான். பின்னால் இரண்டு சிப்பாய்கள். சுவரைப் பார்த்தான். நேரே வந்து புதுத் தாளைப் பிய்த்து இழுத்தான். பசை காயவில்லை, பாதி கையோடு வந்தது. வயிரவனின் தூக்கிய கை சுவரிலேயே நின்றுவிட்டது.

"ஐயா, மூணு மாசம்னு எழுதியிருக்கே" என்றாள் செல்லம். "சித்திரையில போனவங்க. இப்ப ஆவணி. எங்கே அவங்க?"

"வேலை செய்யுறாங்க. வேலை முடியல."

"உயிரோட இருக்கறவன் சொல்லியனுப்ப ஒரு சேதிகூடவா இல்ல?"

சிப்பாய்களுக்குத் தமிழ் தெரியாது. ஏதோ சச்சரவு என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த இடைவெளியில், சிறுநீர் கழிக்கப் போகிறவர்களைப் போல, ஆண்கள் இரண்டு இரண்டு பேராக ரப்பர் மரங்களுக்குள் நடக்க ஆரம்பித்தார்கள். யாரும் ஓடவில்லை. துணி மூட்டைகள் களத்தில் கிடந்தன.

லெட்சுமணன் மட்டும் அப்படியே நின்றான். வாங்கிய அரிசியைச் செல்லம் ஏற்கெனவே கஞ்சி வைத்துவிட்டாள். வாங்கிவிட்டுப் போகாமல் இருப்பது எப்படி என்று நினைத்தானாம். அங்கம்மா அவன் கன்னத்தில் ஒன்று வைத்தாள்.

"அரிசியை நான் பாத்துக்கறேன். போடா."

அவன் போனான். காட்டோரத்தில் காய்கறி போடும் சீனர்களோடு சேர்ந்துகொண்டு, யுத்தம் முடிகிறவரை கீரைப் பாத்தியில் குனிந்தே இருந்தான். செல்லத்தை அங்கம்மா கூடையோடு கூடையாகக் குளுவாங்குக்கு ஏற்றிக்கொண்டு வந்தாள்.

அன்று லாரி பாதி காலியாகத் திரும்பியது. இதை வெற்றி என்று யாராவது சொன்னால் அங்கம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வரும். "எத்தனை பேரைக் காப்பாத்தினேன்னு என்கிட்ட கேக்காதீங்க. கெலாங் பாத்தா வரைக்கும் அந்தப் படம் போச்சு. அதைப் பாத்து எத்தனை பேர் ஏறினான்னு கேளுங்க." அடுத்த முறை காஹாங்குக்கு வந்தவர்கள் படம் கொண்டுவரவில்லை. துப்பாக்கி கொண்டுவந்தார்கள். சினிமா காட்டுகிறோம் என்று சொல்லிக் கூப்பிட்டு, வந்தவர்களை அப்படியே வண்டியில் ஏற்றினார்கள்.

*

அவளைப் பிடித்துக்கொண்டு போக ஆள் வரும் என்று அவள் காத்திருந்தாள். யாரும் வரவில்லை. ராஜசேகரன் மேலே சொல்லவில்லை. சொன்னால், கேமராவை ஒளித்து வைக்க விட்டவன் யார் என்ற கேள்வி முதலில் வரும்.

சில நாள் கழித்து அவன் சமையற்கட்டு வாசலில் வந்து நின்றான். கையில் பட்டி இல்லை. நெற்றியில் திருநீறு மட்டும் இருந்தது.

"ஆள் குறைஞ்சுது. சயாம் முகாம்ல கணக்கெழுதக் கிராணி வேணுமாம். என் பேரைப் போட்டுட்டான். இன்னிக்கு வண்டி."

அங்கம்மா கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். கத்தி நின்றது.

"என் சம்சாரம் ஸ்டேஷனுக்கு வந்திருக்கா. அவகிட்ட கொடுக்க ஒரு படம் எடுத்துக் கொடு, அங்கம்மா."

அவள் எழுந்து உப்புத் தகரத்தைத் திறந்து கேமராவை எடுத்தாள். பின்மூடியைத் திறந்து அவன் முகத்துக்கு நேரே பிடித்தாள். உள்ளே ஒன்றும் இல்லை.

"கடைசிப் படத்தை நீங்க காஹாங்ல கிழிச்சீங்க."

அவன் நம்பினானோ இல்லையோ, அந்தக் காலி டப்பாவுக்குள் எட்டிப் பார்த்தான். பிறகு குரலை இன்னும் தாழ்த்தினான்.

"பரவாயில்ல. சும்மா புடி. பிலிம் இருக்கா இல்லையான்னு அவளுக்கு எங்கே தெரியப் போகுது? படம் இருக்குன்னு நினைச்சுக்கிட்டா தைரியமா இருப்பா."

அவளுக்கு வந்த கோபத்தில் சட்டியைத் தூக்கி எறிந்திருக்கலாம். எறியவில்லை. இவனுக்காகவும் மனசு இரங்குகிறதே என்ற கோபம் அதைவிடப் பெரிதாக இருந்தது. கேமராவைத் திரும்பத் தகரத்தில் போட்டு மூடினாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, அவனை முந்திக்கொண்டு ஸ்டேஷனுக்கு நடந்தாள்.

அவன் மனைவி கமலாட்சி தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே நின்றிருந்தாள். சின்ன உருவம், தலை வாரி, இருந்த ஒரே நல்ல புடவையைக் கட்டி வந்திருந்தாள். தன்னையும் சேர்த்துப் படம் எடுப்பார்கள் என்று யாரோ சொல்லியிருக்க வேண்டும். அங்கம்மாவின் வெறுங்கையைப் பார்த்துக் குழம்பினாள். பின்னால் ராஜசேகரன், உண்மையைச் சொல்ல வேண்டாம் என்று அங்கம்மாவுக்குத் தலையாட்டிக்கொண்டே வந்தான்.

கூட்ஸ் வண்டியின் கதவுகளைத் திறந்துவிட்டார்கள். ஆட்களை ஏறச் சொல்லிச் சிப்பாய் கத்தினான்.

"படம் இல்லம்மா" என்றாள் அங்கம்மா. "பிலிம் தீந்துபோச்சு. கிட்டப் போய் அவர் முகத்தை நல்லா பாத்துக்குங்க."